பெர்த்துக்கு ‘மிக நன்று’, இந்தூருக்கு ‘மோசம்’: இது எந்த ஊர் நியாயம்?

சுழல்மன்னன்:
பச்சைக்களம் என்ற நண்பர் நேற்று வேறொரு விவாதத் திரியில், “பெர்த் ஆடுகளத்தையும் இந்தூர் ஆடுகளத்தையும் ஒப்பிடுவது கிரிக்கெட் தெரியாதவர்களின் வேலை” என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் ஒரு வரிகூட விளக்கம் தராமல் போய்விட்டார். கிரிக்கெட் தெரியாதவன் என்ற தகுதியில் சில எண்களை மட்டும் இங்கே வைக்கிறேன், தெரிந்தவர்கள் விளக்கட்டும்.

2025 நவம்பரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்ட், 847 பந்துகளில், இரண்டாம் நாளிலேயே முடிந்தது. முதல் நாளில் மட்டும் 19 விக்கெட்டுகள் விழுந்தன. அந்த ஆடுகளத்துக்குச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அளித்த மதிப்பீடு, பட்டியலிலேயே உயர்ந்ததான ‘மிக நன்று’. 2023 மார்ச்சில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தூரில் ஆடிய டெஸ்ட் 1,135 பந்துகள் நீடித்து, மூன்றாம் நாளில் முடிந்தது. முதல் நாளில் விழுந்த விக்கெட்டுகள் 14. அதற்குக் கிடைத்ததோ ‘மோசம்’ என்ற முத்திரையும் மூன்று தகுதியிழப்புப் புள்ளிகளும். மூன்றாம் நாளைப் பார்த்த களம் மோசம்; இரண்டு நாளில் சுருண்ட களம் மிக நன்று. இதில் எனக்கு எது புரியவில்லை என்பதைப் பச்சைக்களம் அவர்கள் எடுத்துச் சொன்னால் கடமைப்பட்டவனாக இருப்பேன்.

பச்சைக்களம்:
எடுத்துச் சொல்வதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. முதலில், “மூன்றாம் நாளைப் பார்த்த களம்” என்று நீங்கள் பெருமையோடு எழுதியிருப்பதைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தூர் ஆட்டம் மூன்றாம் நாள் உணவு இடைவேளையைக்கூட எட்டவில்லை. 76 ரன் இலக்கை ஆஸ்திரேலியா 18.5 ஓவர்களில் ஒரே விக்கெட்டை இழந்து எட்டிவிட்டது. ஒரு காலைப் பொழுதின் பாதியை ஒரு முழு நாளாகக் கணக்கெழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை மற்றவர்கள் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவதாக, விஷயம் நாள்களின் எண்ணிக்கையே அல்ல. இந்தூரில் ஆட்டத்தின் ஐந்தாவது பந்திலேயே ஆடுகளத்தின் மேற்பரப்பு பெயர்ந்தது என்று போட்டி நடுவர் கிறிஸ் பிராட் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாவது நாளில் அல்ல ஐயா, ஐந்தாவது பந்தில். பெர்த்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகளை எடுத்தது அவருடைய திறமையால். இங்கிலாந்தின் பேட்ஸ்மேன்கள் ஆட்டமிழந்தது அவர்களுடைய அவசரத்தால். அதே களத்தில் டிராவிஸ் ஹெட் 83 பந்துகளில் 123 ரன் குவித்தார். 205 ரன் இலக்கு 28.2 ஓவர்களில் எட்டப்பட்டது. ஆட முடியாத களத்தில் இது நடக்காது.

விதிநூல்:
இருவரும் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், அந்தச் சொல்லுக்கு ஐசிசி என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முறையில் மிக நன்று, நன்று, சராசரி, சராசரிக்கும் கீழ், மோசம், தகுதியற்றது என ஆறு படிகள் இருந்தன. கடைசி மூன்றுக்கு முறையே 1, 3, 5 தகுதியிழப்புப் புள்ளிகள். ஐந்தாண்டுகளுக்குள் ஒரு மைதானம் ஐந்து புள்ளிகளைச் சேர்த்தால் 12 மாதங்கள் சர்வதேச ஆட்டம் நடத்த முடியாது. 2023 இறுதியில் இது எளிமையாக்கப்பட்டு, மிக நன்று, திருப்திகரம், திருப்தியற்றது, தகுதியற்றது என்று நான்கு படிகளாகச் சுருங்கியது. தடைக்கான வரம்பு ஆறு புள்ளிகளாக உயர்ந்தது. இந்தூர் பழைய முறையில் மதிப்பிடப்பட்டது. பெர்த் புதிய முறையில்.

‘மிக நன்று’ என்பதற்கு ஐசிசி தரும் விளக்கம், பந்து விக்கெட் கீப்பர்வரை நன்றாகச் செல்ல வேண்டும், சீம் அசைவு (பந்து தையலில் பட்டுப் பக்கவாட்டில் விலகுவது) மட்டாக இருக்க வேண்டும், ஆட்டத்தின் தொடக்கத்தில் எழும்பும் உயரம் சீராக இருக்க வேண்டும், மட்டைக்கும் பந்துக்கும் சமமான போட்டி அமைய வேண்டும் என்பதே. எத்தனை நாள், எத்தனை விக்கெட் என்ற கணக்கு அதில் இல்லை. இதிலிருந்து விவாதத்தைத் தொடங்கினால் பயன் இருக்கும்.

சுழல்மன்னன்:
விதிநூல் அவர்களின் பாடத்துக்கு நன்றி. ஆனால் விளக்கத்தைப் படித்துவிட்டுக் களத்தைப் பார்க்க வேண்டுமே தவிர, விளக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல் நாளில் 19 விக்கெட்டுகள் விழுந்த இடத்தில் ‘மட்டான சீம் அசைவு’ இருந்தது என்று எழுதக் கை எப்படித் துணிந்தது என்பதுதான் என் வியப்பு. அந்த முதல் நாள் களத்தைப் பற்றி ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அவர் தோற்ற அணிக்காரர் அல்லர், வென்ற அணிக்காரர்.

பச்சைக்களம் அவர்களுக்கு: பாதி நாள், கால் நாள் என்று நீங்கள் பேரம் பேசுவதை நான் ஏற்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். நாளை விட்டுவிட்டுப் பந்தை எண்ணுவோம். இந்தூர் 1,135 பந்துகள். பெர்த் 847. வித்தியாசம் 288 பந்துகள், அதாவது 48 ஓவர்கள். கூடுதலாக 48 ஓவர் ஆடிய களம் மோசம் என்றால், அந்த 48 ஓவரும் இல்லாத களம் எப்படி மிக நன்று ஆகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆஷஸ் தொடரில், ஒரே மாதம் கழித்து, மெல்போர்ன் டெஸ்டும் இரண்டு நாளில் முடிந்தது. அந்த ஆட்டம் 852 பந்துகள் நீடித்தது. பெர்த்தைவிட ஐந்து பந்துகள் அதிகம். அதற்குப் போட்டி நடுவர் ஜெஃப் குரோ கொடுத்த மதிப்பீடு ‘திருப்தியற்றது’. ஒரு தகுதியிழப்புப் புள்ளியும் விழுந்தது. ஒரே நாடு, ஒரே தொடர், அதே இரண்டு அணிகள், அதே இரண்டு நாள். ஒன்று பட்டியலின் உச்சியில், மற்றொன்று தண்டனைப் பகுதியில். இந்தூரைக்கூட விட்டுவிடுங்கள். இதை மட்டும் விளக்குங்கள்.

பச்சைக்களம்:
இதை விளக்குவதற்கு நான் தேவையில்லை. ஜெஃப் குரோவே விளக்கிவிட்டார். மெல்போர்னில் முதல் நாளில் 20 விக்கெட்டுகள், இரண்டாம் நாளில் 16 விக்கெட்டுகள் விழுந்தன. ஆட்டம் முழுவதிலும் ஒருவர்கூட அரைசதம் அடிக்கவில்லை. பராமரிப்பாளர் மேட் பேஜ் 10 மில்லிமீட்டர் புல்லை விட்டுவைத்ததன் விளைவு அது. பெர்த்தில் இரண்டாம் நாள் களம் இளகிவிட்டது; ஹெட் சதம் அடித்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுள்ளவர்களுக்குத் தெரியும். நீங்கள் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்ததால் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

சுழல்மன்னன்:
மிக நன்று. உங்கள் அளவுகோல் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. யாராவது ஒருவர் நிலைத்து நின்று ஆடினால் களம் நல்லது. யாரும் நிற்காவிட்டால் களம் கெட்டது. அப்படியானால் இந்தூருக்கே வருகிறேன். அங்கே உஸ்மான் கவாஜா 60 ரன் எடுத்தார். புஜாரா 59 ரன் எடுத்தார். இரண்டு அணியிலும் ஒவ்வொருவர் அரைசதம் அடித்த களம் ‘மோசம்’ என்று மூன்று புள்ளி வாங்கியது. ஒருவர்கூட அரைசதம் அடிக்காத மெல்போர்ன் ஒரே ஒரு புள்ளியோடு தப்பியது. ஆக, அரைசதம் என்ற அளவுகோலும் இந்தூருக்கு மட்டும் பொருந்தாது போலும்.

ஹெட் அடித்த சதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட் அன்று பத்து ரன்னில் ஆட்டமிழந்திருந்தால் பெர்த்துக்கு என்ன மதிப்பீடு கிடைத்திருக்கும்? அந்தக் களத்தின் மண் அதே மண்தான். புல் அதே புல்தான். ஈரம் அதே ஈரம்தான். ஒரு மனிதர் ஒரு பிற்பகலில் ஆடிய ஆட்டத்தால் களத்தின் தரம் இரண்டு படி ஏறுகிறது என்றால், ஐசிசி மதிப்பிடுவது களத்தையா, டிராவிஸ் ஹெட்டையா? ஆட்டம் முடிந்த பிறகு ரன் அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்குப் போட்டி நடுவர் எதற்கு, ஒரு கணக்கர் போதுமே.

பச்சைக்களம்:
ஐந்தாவது பந்து.

சுழல்மன்னன்:
மன்னிக்கவும், அது பதிலா?

பச்சைக்களம்:
பதில்தான். நீங்கள் நாள், பந்து, அரைசதம், ஹெட் என்று எங்கே சுற்றினாலும், இந்தூரில் ஐந்தாவது பந்தில் மேற்பரப்பு பெயர்ந்தது என்ற உண்மையைத் தொடவே இல்லை. புத்தம் புதிய களம், ஆட்டத்தின் முதல் ஓவர். அதிலேயே மண் பெயர்கிறது என்றால் அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை போட்டி நடுவருக்கு உண்டு. பெர்த்தில் எந்தப் பந்தில் மேற்பரப்பு பெயர்ந்தது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

ஐந்தாம்நாள்:
நான் இரு தரப்பையும் ஆதரிக்கவில்லை. இரண்டு நாளில் முடிந்த ஆட்டங்களைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்? 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாளும் ஆடி 1,187 ரன் எடுத்தன. விழுந்த விக்கெட்டுகள் 14. அந்தக் களம் ‘சராசரிக்கும் கீழ்’ என்று ஒரே ஒரு புள்ளி வாங்கியது. பந்துவீச்சாளர்களை ஐந்து நாள் வதைத்ததற்கு ஒரு புள்ளி, பேட்ஸ்மேன்களை இரண்டரை நாள் வதைத்ததற்கு மூன்று புள்ளி. இந்த அநீதியைப் பற்றிப் பேச உங்களில் யாருக்கும் மனம் இல்லை.

பச்சைக்களம்:
பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால்தான். 2017 டிசம்பரில் மெல்போர்னில் அலெஸ்டர் குக் ஆட்டமிழக்காமல் 244 ரன் எடுத்த டெஸ்ட் டிராவில் முடிந்தது. ஐந்து நாளில் மொத்தம் 24 விக்கெட்டுகள். அந்தக் களத்துக்குப் போட்டி நடுவர் ரஞ்சன் மடுகல்லே ‘மோசம்’ என்றே மதிப்பீடு அளித்தார். தட்டையான களத்தையும் தண்டிக்கிறார்கள், ஆஸ்திரேலியக் களத்தையும் தண்டிக்கிறார்கள். பெர்த்துக்கு ‘மிக நன்று’ கொடுத்தவரும் அதே மடுகல்லேதான். உங்கள் இரண்டு பேரின் புகாருக்கும் இது ஒன்றே பதில்.

நேர்கோடு:
இந்தத் திரியில் எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசும் ஒன்றை நான் நேராகவே சொல்கிறேன். இந்தியக் களங்களுக்கு ‘மோசம்’ என்று எழுதியவர் யார் என்று பாருங்கள். 2017 புனே, கிறிஸ் பிராட். 2023 இந்தூர், கிறிஸ் பிராட். இங்கிலாந்துக்காரரின் பேனாவுக்கு இந்திய மண்ணைக் கண்டால் மட்டும் மை ஊறுகிறது. புனேயில் ஆஸ்திரேலியா 333 ரன் வித்தியாசத்தில் வென்றது என்பதையும் நினைவில் வையுங்கள். வென்ற அணியே புகார் சொல்லாத களம் அது.

விதிநூல்:
2024 ஜனவரியில் கேப்டவுனில் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஆடிய டெஸ்ட் 642 பந்துகளில் முடிந்தது. முடிவு கிட்டிய டெஸ்டுகளில் இதைவிடக் குறைந்த பந்துகளில் முடிந்தது வேறு இல்லை. அந்தக் களத்துக்குத் ‘திருப்தியற்றது’ என்று எழுதியவரும் கிறிஸ் பிராட்தான். 2011-இல் இலங்கையின் காலி நகர மைதானத்துக்கு ‘மோசம்’ என்று எழுதியவரும் அவரே. 2015-இல் நாக்பூருக்கு ‘மோசம்’ என்று எழுதியவர் நியூசிலாந்தின் ஜெஃப் குரோ. 2022-இல் பெங்களூருக்குச் ‘சராசரிக்கும் கீழ்’ என்று எழுதியவர் நம் ஜவகல் ஸ்ரீநாத். மை எல்லா மண்ணிலும் ஊறுகிறது.

நேர்கோடு:
கேப்டவுனில் 642 பந்துக்கு ஒரு புள்ளி, இந்தூரில் 1,135 பந்துக்கு மூன்று புள்ளி. என் கருத்துக்கு நீங்களே சான்று தருகிறீர்கள். நன்றி.

பச்சைக்களம்:
பேனாவின் பிறந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். 2021 பிப்ரவரியில் ஆமதாபாத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய பகலிரவு டெஸ்ட் 842 பந்துகளில், இரண்டாம் நாளிலேயே முடிந்தது. இங்கிலாந்து 112, 81 என்று சுருண்டது. போட்டி நடுவர் ஸ்ரீநாத். மதிப்பீடு ‘சராசரி’. தகுதியிழப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. சுழல்மன்னன் அவர்கள் இரண்டு நாள் என்ற சொல்லை இந்தத் திரியில் எத்தனை முறை உச்சரித்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். ஆமதாபாத் என்ற சொல்லை ஒருமுறைகூட அவர் உச்சரிக்கவில்லை. இது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

சுழல்மன்னன்:
தற்செயல் எதுவும் இல்லை; அந்த ஆட்டத்தை ஒப்பிடவே முடியாது என்பதால்தான் சொல்லவில்லை. அது இளஞ்சிவப்புப் பந்தில் நடந்த ஆட்டம். அரக்குப் பூச்சு கூடுதலாக இருப்பதால் அந்தப் பந்து தரையில் பட்டதும் வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். சுழலும் என்று எதிர்பார்த்து ஆடியவர்கள் நேராக வந்த பந்துகளில்தான் அதிகம் ஆட்டமிழந்தார்கள். நேராக வந்த பந்துக்குக் களம் என்ன செய்யும்? பேட்ஸ்மேனின் தடுப்பு நுட்பம் சரியில்லை என்றால் களத்தைக் குறை சொல்லக் கூடாது.

பச்சைக்களம்:
அருமை. பெர்த்தில் பேட்ஸ்மேன்களின் அவசரம் என்று நான் சொன்னால் அது சாக்கு. ஆமதாபாத்தில் பேட்ஸ்மேன்களின் நுட்பம் என்று நீங்கள் சொன்னால் அது ஆய்வு. இந்த வாக்கியத்தைப் பாதுகாத்து வைத்துக்கொள்கிறேன். அடுத்த திரியில் தேவைப்படும்.

சுழல்மன்னன்:
தாராளமாகப் பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாக்கியங்களைச் சேகரிப்பதில் உங்களுக்கு இருக்கும் ஆர்வம் நான் அறிந்ததே. காபா விவாதத்தின்போது, அதாவது 2022 டிசம்பரில், பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய ஆட்டம் இரண்டே நாளில் 34 விக்கெட்டுகளோடு முடிந்தபோது, “இதுதான் உண்மையான டெஸ்ட் கிரிக்கெட்” என்று நீங்கள் எழுதியது எனக்கும் நினைவிருக்கிறது. ஆட்டத்தின் நடுவிலேயே தென்னாப்பிரிக்க அணித்தலைவர் டீன் எல்கர் கள நடுவர்களிடம் போய், இந்தக் களம் பாதுகாப்பானதுதானா என்ற பொருளில் கேட்டார். ஓர் அணியின் தலைவரே அப்படிக் கேட்கும் அளவுக்கு இருந்த களத்துக்குப் போட்டி நடுவர் ரிச்சி ரிச்சர்ட்சன் எழுதியது ‘சராசரிக்கும் கீழ்’. ஒரே ஒரு புள்ளி. மூன்றே மாதம் கழித்து இந்தூருக்கு ‘மோசம்’, மூன்று புள்ளி. அப்போது சுனில் கவாஸ்கரே, காபாவுக்கு எத்தனை புள்ளி கொடுத்தீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். அவருக்கும் கிரிக்கெட் தெரியாது என்று நீங்கள் எழுதுவீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

காபா 866 பந்துகள். இந்தூர் 1,135 பந்துகள். இரண்டும் ஒரே பழைய முறையில் மதிப்பிடப்பட்டவை, ஆகவே விதிநூல் அவர்களின் ‘பழைய முறை, புதிய முறை’ என்ற சமாதானமும் இங்கே செல்லாது. வேகப்பந்துக்கு விழும் விக்கெட் வீரம். சுழற்பந்துக்கு விழும் விக்கெட் சதி. பந்து தலையை நோக்கி எழும்பினால் ‘உயிரோட்டமான களம்’. பந்து காலடியில் திரும்பினால் ‘தயாரிக்கப்பட்ட களம்’. எல்லாக் களமும் யாரோ ஒருவரால் தயாரிக்கப்பட்டதுதான். மெல்போர்னில் 10 மில்லிமீட்டர் புல் தானாக முளைத்து நிற்கவில்லை. ஒருவர் அளந்து விட்டுவைத்தார். அதைத் ‘தவறிய கணிப்பு’ என்பார்கள். இங்கே தண்ணீர் ஊற்றுவதைச் சற்று முன்னதாக நிறுத்தினால் அதற்குப் பெயர் சூழ்ச்சி.

விதிநூல்:
சுழல்மன்னன் அவர்கள் தொடக்கத்திலிருந்து மூன்று புள்ளி, மூன்று புள்ளி என்று எழுதிக்கொண்டே இருப்பதால் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். இந்தூரின் ‘மோசம்’ இறுதி மதிப்பீடு அல்ல. இந்திய கிரிக்கெட் வாரியம் (பிசிசிஐ) மேல்முறையீடு செய்தது. ஐசிசியின் மேல்முறையீட்டுக் குழுவில் இருந்த வாசிம் கானும் ரோஜர் ஹார்ப்பரும் ஆட்டத்தின் காணொளியை ஆராய்ந்து, ‘மோசம்’ என்று சொல்லும் அளவுக்குப் பந்து ஏறுமாறாக எழும்பவில்லை என்று முடிவு செய்து, அதே 2023 மார்ச் மாதத்திலேயே அதைச் ‘சராசரிக்கும் கீழ்’ என்று மாற்றினார்கள். இன்றைய கணக்கில் இந்தூருக்கு ஒரு புள்ளி, காபாவுக்கு ஒரு புள்ளி, கேப்டவுனுக்கு ஒரு புள்ளி, 2025 மெல்போர்னுக்கு ஒரு புள்ளி. நீங்கள் எதைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை.

சுழல்மன்னன்:
அது எனக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மேல்முறையீட்டில் மாறியது என்பதே என் குற்றச்சாட்டுக்கு ஐசிசி தானே எழுதித் தந்த ஒப்புதல். முதலில் எழுதியது சரி என்றால் எதற்காக மாற்றினார்கள்? பச்சைக்களம் அவர்கள் இவ்வளவு நேரம் உருப்போட்ட அந்த ஐந்தாவது பந்தும் அதே அறிக்கையில்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் ‘மோசம் என்று சொல்ல முடியாது’ என்று மேல்முறையீட்டுக் குழு சொல்லியிருக்கிறது. ஐந்தாவது பந்து மேல்முறையீட்டில் ஆட்டமிழந்துவிட்டது ஐயா.

பச்சைக்களம்:
மேல்முறையீட்டில் ‘சராசரி’ என்று மாற்றவில்லை. ‘நன்று’ என்று மாற்றவில்லை. ‘சராசரிக்கும் கீழ்’ என்றுதான் மாற்றினார்கள். ஐந்தாவது பந்து இல்லாவிட்டால் அந்தக் ‘கீழ்’ எங்கிருந்து வந்தது?

ஐந்தாம்நாள்:
மேல்முறையீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் இங்கிலாந்து முதல் நாளிலேயே 4 விக்கெட்டுக்கு 506 ரன் குவித்த களத்துக்குப் போட்டி நடுவர் ஆண்டி பைகிராஃப்ட் ‘சராசரிக்கும் கீழ்’ என்று எழுதினார். பாகிஸ்தான் வாரியம் மேல்முறையீடு செய்தது. எடுக்கக்கூடிய 39 விக்கெட்டுகளில் 37 விழுந்தன, முடிவும் கிட்டியது என்று சொல்லி அந்தப் புள்ளியை நீக்கிவிட்டார்கள். அந்த முடிவு கிட்டியதற்குக் காரணம் களம் அல்ல; இங்கிலாந்து அணித்தலைவர் பென் ஸ்டோக்ஸ் துணிந்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டு இலக்கு வைத்ததுதான். அணித்தலைவரின் துணிச்சலுக்குப் பரிசு களத்துக்குப் போயிற்று. இதைப் பற்றியும் யாரும் பேச மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சுழல்மன்னன்:
பேசுகிறேன், ஏனென்றால் இது நான் ஹெட்டைப் பற்றிச் சொன்னதற்கு இன்னொரு சான்று. ஸ்டோக்ஸ் இலக்கு வைத்தால் ராவல்பிண்டி திருந்திவிடுகிறது. ஹெட் சதம் அடித்தால் பெர்த் உயர்ந்துவிடுகிறது. ஹெட் இன்னொரு சதமும் அடித்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஆமதாபாத்தில், 137 ரன். அந்தக் களத்துக்கு மட்டும் ‘சராசரிக்கும் கீழ்’ என்று எழுதினார்கள். ஒரே மனிதரின் சதம் பெர்த்தில் களத்தைத் தூக்கிவிடுகிறது, ஆமதாபாத்தில் தூக்கிவிடவில்லை. கேப்டவுன் ஆட்டம் முடிந்ததும் ரோகித் சர்மா கேட்டதும் இதைத்தான்: இறுதியாட்டத்தில் ஒருவர் சதம் அடித்த களம் எப்படி மோசமான களம் ஆகும்? மதிப்பீடு செய்பவர்கள் எந்த நாடு என்று பார்க்காமல் களத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

விதிநூல்:
இறுதியாட்டக் களத்துக்கு அளிக்கப்பட்ட மதிப்பீடு ‘சராசரி’. ‘சராசரிக்கும் கீழ்’ அல்ல. வெளிக்களத்துக்கு ‘மிக நன்று’.

சுழல்மன்னன்:
ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். உலகக் கோப்பையின் இறுதியாட்டக் களத்துக்குச் ‘சராசரி’ என்பதே அவமதிப்புதான்.

விதிநூல்:
‘சராசரிக்கும் கீழ்’ என்றால் புள்ளி உண்டு, ‘சராசரி’ என்றால் இல்லை. இந்தத் திரி முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்கோடு:
விதிநூல் அவர்கள் எப்போதும் இப்படித்தான். ஊரே தீப்பிடித்து எரிந்தாலும், ‘எரிகிறது’ என்பதற்கு ஐசிசி என்ன விளக்கம் கொடுத்திருக்கிறது என்று கேட்பார். உங்களை யாராவது நடுவராக நியமித்திருக்கிறார்களா?

விதிநூல்:
தகவல் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்கு நியமனக் கடிதம் தேவைப்படும் என்று தெரியாது. 2009 டிசம்பரில் டெல்லி கோட்லாவில் இலங்கையுடனான ஒருநாள் ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டு, அந்த மைதானத்துக்கே தடை விதிக்கப்பட்டபோதும் “சதி, சதி” என்றுதான் பேசினார்கள். அன்று பேட்ஸ்மேன்களின் உடம்பில் பட்ட பந்துகள் சதிகாரர்கள் வீசியவை அல்ல, இந்தியப் பந்துவீச்சாளர்களே வீசியவை.

நேர்கோடு:
பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஒருநாள் ஆட்டத்தை இழுத்து வந்து டெஸ்ட் களத்தைப் பற்றிப் பேசுகிறவர் எனக்குத் தகவல் பிழையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

பச்சைக்களம்:
ஒருநாள், இருபது ஓவர் எல்லாம் வேண்டாம் என்றால் சரி. ஆனால் 2024 டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் ஐசிசியே தேடிக் கொண்டுவந்து பதித்த களங்களுக்கு, இரண்டு ஆட்டங்களில், ஐசிசியின் நடுவர்களே ‘திருப்தியற்றது’ என்று எழுதினார்கள். தன் சொந்தக் களத்துக்கே கெட்ட மதிப்பெண் போடும் அமைப்பை ஓரவஞ்சனை உள்ள அமைப்பு என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். சுழல்மன்னன் அவர்களிடம் அது நிறையவே இருக்கிறது.

சுழல்மன்னன்:
நியூயார்க்கில் ஒரு தொடருக்காக எழுப்பிய தற்காலிக மைதானம், தொடர் முடிந்ததும் பிரிக்கப்பட்டது. இல்லாத மைதானத்துக்குப் புள்ளி போட்டு யாருக்கு என்ன நட்டம்? இதையெல்லாம் நேர்மைக்குச் சான்று என்று கொண்டுவருவதற்கும் தனித் துணிச்சல் வேண்டும்.

நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நாளை விட்டுவிட்டேன், இந்தூரை விட்டுவிட்டேன், பிராடின் பேனாவை நான் தொடவே இல்லை. பெர்த் 847 பந்துகள், மெல்போர்ன் 852 பந்துகள். இரண்டு படி வித்தியாசத்துக்குக் காரணம் களத்தில் எங்கே இருக்கிறது? புல்லின் உயரம் என்றால் பெர்த்தின் புல் எவ்வளவு என்று சொல்லுங்கள். சீம் அசைவு என்றால் இரண்டு இடத்திலும் எத்தனை டிகிரி என்று அளந்து வெளியிடட்டும். பந்தின் பாதையைப் பின்தொடரும் கருவிகள் ஒவ்வொரு டெஸ்டிலும் இருக்கின்றன, எல்பிடபிள்யூ முறையீட்டுக்கு மில்லிமீட்டர்வரை அவற்றை நம்புகிறார்கள். களத்துக்கு மதிப்பெண் போடும்போது மட்டும் ஒரு மனிதர் தம் மனத்தில் பட்டதை எழுதினால் போதும் என்கிறார்கள். அந்த அளவுகளை வெளியிட்டுவிட்டு ‘மிக நன்று’ என்று எழுதட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பச்சைக்களம்:
நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள் என்ற வாக்குறுதியை இந்தத் திரியில் யாரும் நம்பப் போவதில்லை. அளவுகளை வெளியிட வேண்டும் என்பதை நானும் எதிர்க்கவில்லை. வெளியிடட்டும், முதலில் இந்தூரின் ஐந்தாவது பந்திலிருந்து தொடங்கட்டும்.

ஐந்தாம்நாள்:
ராவல்பிண்டியிலும் அளப்பார்களா என்று யாராவது சொல்ல முடியுமா?

சுழல்மன்னன்:
ஐந்தாம்நாள் ஐயா, உங்கள் ராவல்பிண்டிக்குத் தனித் திரி தொடங்குங்கள், வந்து ஆதரிக்கிறேன். பச்சைக்களம் அவர்களே, ஐந்தாவது பந்துக்கு மேல்முறையீட்டுக் குழுவே பதில் சொல்லிவிட்டது. 852-க்கும் 847-க்கும் இன்னும் பதில் வரவில்லை. மறுபடியும் ‘ஐந்தாவது பந்து’ என்று எழுதப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் பெர்த் முதல் நாளின் 19 விக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது பந்துவீச்சாளரின் திறமை, எது பேட்ஸ்மேனின் அவசரம், எது களத்தின் வேலை என்று எழுதிவிட்டு வாருங்கள்.

பச்சைக்களம்:
எழுதுகிறேன். இந்தூரின் 31 விக்கெட்டுகளுக்கு நீங்கள் எழுதி முடித்த பிறகு.